அம்மாவின் கண்ணில் வைத்த தாள்

"கந்துளு அடுயி, அம்மே" என்றார் டொக்டர். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. அம்மாவின் கீழிமைகளில் செருகியிருந்த இரண்டு தாள் துண்டுகளையும் உருவி, கோடு போட்ட அட்டையோடு ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஐந்து நிமிடத்தில் வலக்கண் தாள் 3 மில்லிமீட்டர் நனைந்திருந்தது. இடக்கண் தாள் 4.

"கண்ணீர் கம்மியாம்மா" என்று தமிழில் சொன்னேன்.

அம்மா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "எனக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப இம்புட்டு நாளா வடிஞ்சது என்னாவாம்? கேளு தம்பி."

நியாயமான கேள்வி. 2014 மாசியில் கண்புரை ஒப்பரேசன் நடந்தது. ஐந்தாம் நாள் பஸ்ஸில் வரும்போது கோயில் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். அந்த மூன்று வருடப் படிப்பு கண்ணோடு சேர்ந்து திரும்பி வந்ததுபோல இருந்தது. இரண்டாவது கிழமையில் தொடங்கியது எரிச்சல். "மண்ண அள்ளிப் போட்ட மாரி இருக்குடா" என்பார். தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, சேலைத் தலைப்பு காயவே இல்லை. ஒப்பரேசன் செய்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை கூட்டிப் போனேன். இரண்டு தடவையும் டோர்ச் அடித்துப் பார்த்து, லென்ஸ் நல்லாத்தான் இருக்கிறது, வயதானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். லென்ஸ் நல்லாத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. மூன்றாவது தடவை வேறு இடத்தில் காட்டியபோதுதான் இந்தத் தாள் வந்தது.

தண்ணீர் வடிகிற கண்ணை எப்படி வறண்ட கண் என்கிறார்கள்? டொக்டர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தோட்டத்துப் பாஷையில் சொன்னேன். மலையில் வடிகால் கான் ஒழுங்காக வெட்டாத இடத்தில் பெருமழை பெய்தால் என்ன ஆகும்? தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடையில் போய்ச் சேரும், தேயிலை வேருக்குச் சொட்டும் நிற்காது. கண்ணும் அப்படித்தான். கருவிழியின்மேல் கண்ணீர் ஒரு மெல்லிய பாயாக விரிந்து நிற்க வேண்டும். அடியில் வழுவழுப்பான சளிப்படலம் அதைப் பிடித்து வைக்கும். மேலே இமைச் சுரப்பிகள் விடும் எண்ணெய், ஆவியாகிப் போகாமல் மூடி வைக்கும். இதில் ஒன்று கெட்டாலும் பாய் கிழியும். கிழிந்த இடம் கரிக்கும். கரித்ததும் மூளை அவசரத்துக்கு வெறும் தண்ணீரை அனுப்பும். அது கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் தங்காது.

"அப்ப கான் வெட்டணும்ங்கிற" என்றார் அம்மா. அதோடு அவருக்கு விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. முப்பது வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஐந்து நிமிடத்தில் ஒரு தாள் சொன்ன செய்தியை ஒப்பரேசனுக்கு முதலே கேட்டிருக்கலாமே என்று மண்டை குடைந்தது. அந்தத் தாளைத் தேடிப் போனேன். ஒட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன்காரர் அதைப் பற்றி எழுதியது 1903இல். 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளம், மை ஒற்றும் தாள் மாதிரி ஒரு துண்டு. அதே 1903இல்தான் கொழும்பில் விக்டோரியா ஞாபகார்த்த கண் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார்கள், தேயிலைக்கார லிப்டனின் பெயரைத் தாங்கி நிற்கும் சந்தியில். ஆஸ்பத்திரியும் தாளும் ஒரே வயது. எங்கள் வீட்டுக்கு இரண்டும் எப்போது வந்து சேர்ந்தன என்பதுதான் கதை.

அம்மாவின் அம்மாவான அம்மாயியிடமிருந்து தொடங்க வேண்டும். அம்மாயிக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. கண்புரை என்ற சொல்லை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தோட்டத்து லயத்தில் அது 'பூ'. அம்மாயியின் தாத்தாவுக்குத் துறையூர்ப் பக்கத்தில் பூ விழுந்தபோது ஊர் ஊராகப் போகும் ஊசிக்காரன் ஒருவன் வந்து கண்ணில் குத்திப் பார்வை வரவைத்தானாம். ஒரு பொங்கலுக்குப் பார்த்தார், அடுத்த பொங்கலுக்குக் கண் சீழ்பிடித்துப் போயிற்று. இது குடும்பக் கதை. ஆனால் அந்த வித்தை உண்மை. ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவார்கள். வெளிச்சம் நுழையும், பின்னால் கிடக்கும் புரை பிறகு வினை செய்யும். சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் இருந்த எலியட் என்ற டொக்டர், இப்படிக் கெட்டுப்போன கண்களைப் பற்றியே 1917இல் லண்டனில் உரையாற்றினார். அந்த ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. தஞ்சாவூரில் சரபோஜி மன்னரோ, தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் விவரத்தை எழுதி, கண்ணை வண்ணத்தில் வரைந்தும் வைக்கச் சொன்னார். சரஸ்வதி மகால் நூலகத்தில் அவை இருக்கின்றன. அவர் 1832இல் இறந்தார். எங்கள் ஆட்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கண்டிச் சீமைக்குக் கோப்பி நட நடக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். கண்ணை வரைந்து வைத்த நாட்டைவிட்டு, கையை மட்டும் எண்ணிய மலைக்கு வந்தார்கள்.

கையை மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து வைத்தியம் ஒன்றுமே இல்லாமல் இருக்கவில்லை. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கென்று மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது, 1912இல் இன்னொன்று. மருந்துச்சாலை வந்தது, டிஸ்பென்சர் வந்தார், மிக்சர் போத்தல் வந்தது. 1916இல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவன ஆட்கள் வந்து கொக்கிப்புழுவைத் தேடினார்கள். வாந்திபேதி, அம்மை, புழு எல்லாம் கணக்கில் ஏறின, ஏனென்றால் அவை பெரட்டுக்கு வரும் ஆளைக் குறைக்கும். பூ அப்படிப்பட்ட நோய் இல்லை. நாற்பது வருடம் கொழுந்து பறித்து முடிந்த பிறகு, செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பெயர் இல்லாத ஆளுக்கு வருவது அது. அதைத் தேடி எந்தக் கமிஷனும் வரவில்லை.

அம்மாயி பார்வை மங்கிய பிறகும் ஏழு, எட்டு வருடம் கொழுந்து எடுத்தார் என்று அம்மா சொல்வார். விரல்தான் பார்த்தது. இரண்டு இலை ஒரு அரும்பு எது, முத்தின இலை எது என்று காம்பு ஒடியும் சத்தத்திலேயே தெரியுமாம். கங்காணி கூடையில் கைவிட்டுக் கிளறி ஒன்றும் பிடிக்க முடியவில்லை. நிறைதான் காட்டிக் கொடுத்தது. நாள் நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழத் தொடங்கியதும் மலையிலிருந்து நிறுத்தி, ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் குச்சி பொறுக்கப் போட்டார்கள். கண் தெரியாத ஆளைத் தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்கப் போட்டது எந்தப் புத்திசாலியின் யோசனையோ தெரியாது. தூசு பறக்கும் அறை அது. இப்போது அந்த வேலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் மெசின் செய்கிறது. மெசினுக்குக் கண் வைத்த அளவுக்காவது அம்மாயிக்கு யாரும் வைக்கவில்லை.

வீட்டிலும் கண்ணுக்கு ஓய்வில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் புகைக்கூடு இல்லாத அடுப்பு. விறகு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. பச்சையாக இருந்தால் எரிவதைவிடப் புகைவது அதிகம். விறகுப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு உண்டு என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. புகை கண்ணீர்ப் படலத்தையும் கெடுக்கும். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கண்ணில் ஒற்றினார்கள், தாய்ப்பால் விட்டார்கள், மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து போட்டார்கள். அம்மாயி இருளிலேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் கண்மலர் கோயில் உண்டியலில் எங்கேயோ உருகியிருக்கும்.

பெரியம்மாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் கொழும்புக்குப் போனவர். 1976. அட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். அதில் ஏறிக் கண்ணைக் காட்டப் போக எங்களுக்குத் தொண்ணூற்றிரண்டு வருடம் ஆயிற்று. இரவு மெயிலில் போனார்கள். அப்போது லென்ஸ் வைக்கிற வழக்கம் இல்லை. புரையை முழுசாக எடுத்துவிட்டுத் தையல் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள். பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும், ஓரத்தில் வருவதை விழுங்கிவிடும். பெரியம்மா திரும்பி வந்து முதல்நாள் வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டு, "கொழுந்தெல்லாம் முள்ளங்கிக் கீர மாரில நிக்கிது" என்றார். அதே வாயோடு படியில் காலை வைத்து விழுந்தார். படி இருந்த இடம் வேறு, தெரிந்த இடம் வேறு.

அவருக்கும் கண் உறுத்தியிருக்கும். பெரிய வெட்டு, கருவிழிக்கு உணர்ச்சி கொடுக்கும் மெல்லிய நரம்புகளில் நிறைய அறுந்திருக்கும். நரம்பு அறுந்தால் கண் காய்வது மூளைக்குச் சரியாகத் தெரியாது, சிமிட்டுவதும் சுரப்பதும் குறையும். ஆனால் யார் கேட்டார்கள்? கண் தெரிந்ததே பெரிது. பிறகு தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் அவர் குடும்பம் இந்தியா போனது. கண்ணாடிக்குக் கறுப்பு நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்.

அந்த நாட்களை நினைக்கும்போது ஒன்று தோன்றும். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் சிங்கப்பூருக்கு இங்கிருந்து கண் போனது. தேயிலைக்கு அடுத்தபடியாக உலகம் நம்மிடம் வாங்கிப் புகழ்ந்தது கண்ணைத்தான். தானம், காசுக்கு இல்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே பத்தாண்டுகளில் அட்டன் மலைகளில் எத்தனை அம்மாயிகள் விரலால் கொழுந்து எடுத்தார்கள் என்பதற்குப் புத்தகம் இல்லை.

பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் உலகம் மாறிவிட்டது. ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர் 1949 நவம்பரில் லண்டனில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் குத்திய விமானக் கூரைத் துண்டுகள் அழற்சி இல்லாமல் கிடந்ததைக் கவனித்ததில் வந்த யோசனை அது. 1967இல் அமெரிக்காவில் கெல்மன் என்ற டொக்டர், புரையை அதிர்வலையால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். மதுரையில் டொக்டர் வெங்கடசாமி 1976இல், பெரியம்மா கொழும்புக்குப் போன அதே வருடம், பதினொரு கட்டிலோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1992இல் அவர்களே ஆரோலேப் என்று தொழிற்சாலை வைத்து லென்ஸ் செய்யத் தொடங்கியதும் விலை சரிந்தது. அம்மாவுக்கு ஒப்பரேசன் இருபது நிமிடம். நான் வெளியே ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் கட்டுப்போட்டு வந்துவிட்டார்.

வேகம் கூடியதில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. லென்சைப் பற்றியே எல்லோரும் பேசினோம். லென்சுக்கு முன்னால் நிற்கும் கண்ணீரை யாரும் பார்க்கவில்லை.

ஒப்பரேசனில் கண்ணீர்ப் படலத்துக்கு அடிமேல் அடி விழுகிறது. இமையை விரித்து வைக்கும் கம்பி, மைக்ரோஸ்கோப் வெளிச்சம், கிருமி நீக்கும் அயடின், கருவிழி ஓர வெட்டு, பிறகு கிழமைக்கணக்கில் ஊற்றும் சொட்டு மருந்து. அந்த மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பொருளே கண் மேல்தோலை அரிக்கும். நல்ல கண் இதையெல்லாம் இரண்டு, மூன்று மாதத்தில் தாங்கி மீளும். ஏற்கெனவே காய்ந்த கண் தடுமாறும். அம்மா ஒரு படி மேலே போய், ஒரு மாதத்தோடு நிறுத்தச் சொன்ன மருந்தை போத்தல் தீரும்வரை விட்டுக்கொண்டிருந்தார். "காசு குடுத்து வாங்குனதாச்சே" என்றார். அதோடு மாசிக் காற்று. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் தையிலும் மாசியிலும் வீசும் காய்ந்த குளிர்காற்றைத்தான் துரைமார் 'குவாலிட்டி சீசன்' என்று கொண்டாடுவார்கள். கொழுந்தில் மணம் ஏறும், ஏலத்தில் விலை ஏறும். மழை மலையிலும் கண் காயும் மாதங்கள் அவை.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் இப்போது கண் வைத்தியர்கள் துருவும் கேள்வி. கண்ணீரில் இருக்கும் அடையாளப் பொருட்களைப் பயோமார்க்கர் என்கிறார்கள். ஸ்டோரில் நின்றவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. டீமேக்கர் வாட்டு மாடியில் ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவார். கொழுந்து உருண்டையாகவே நின்றால் வாட்டு போதும். உதிர்ந்து விரிந்தால் போதாது. இன்னும் அரைக்கவில்லை, சுடவில்லை. ஆனாலும் கோப்பையில் என்ன வரும் என்று அந்தப் பிடி சொல்லிவிடும்.

கண்ணீரில் அப்படிப் பிடித்துப் பார்ப்பது முதலில் உப்பின் செறிவு. காயும் கண்ணீர் கரிப்பேறும். ஒரு லீட்டருக்கு 308 மில்லிஒஸ்மோல் தாண்டினால் எச்சரிக்கை. 2009இலிருந்து இதை ஊசிமுனை அளவு கண்ணீரில் அளக்கும் கருவி அமெரிக்காவில் அனுமதியோடு இருக்கிறது. அடுத்தது எம்எம்பி-9 என்ற நொதி. கண்ணின் மேல்தோலில் அழற்சி இருந்தால் அது கண்ணீரில் கூடும். ஒரு மில்லிலீட்டரில் 40 நானோகிராம் இருந்தால் 2013இல் வந்த சோதனைப் பட்டையில் சிவப்புக் கோடு விழும், கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரி. இன்டர்லூகின்-6, லாக்டோபெரின் என்று பட்டியல் நீள்கிறது. ஒப்பரேசனுக்கு முன்பே இந்தக் குறிகள் எகிறி நிற்கும் கண், பிறகு கூடுதலாகக் காயும் என்பது எதிர்பார்ப்பு. ஒற்றை எண்ணை வைத்துக் கிளி ஜோசியம் சொல்ல முடியாது. இரண்டு, மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் மாறும்.

எனக்குப் பட்டது வேறு. 2017இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், புரை ஒப்பரேசனுக்கு வந்த 136 பேரை முன்கூட்டியே சோதித்தார்கள். சாயம் விட்டுப் பார்த்ததில் 77 சதவீதக் கண்களில் கருவிழியில் காய்ந்த புள்ளிகள். ஐந்தில் மூன்று கண்களில் கண்ணீர்ப் பாய் 5 விநாடிக்குள் கிழிந்தது. கண் வறட்சி இருக்கிறது என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தது ஐந்தில் ஒருவருக்கு. அந்த நாட்டிலேயே அப்படி. அதோடு, காய்ந்த கருவிழியில் எடுக்கும் அளவு பிழைத்தால் உள்ளே வைக்கும் லென்சின் பவரும் பிழைக்கும். இதைப் பிடிக்க விலை கூடிய பட்டை வேண்டாம். சாயச் சொட்டும் ஷிர்மரின் தாளும் போதும். தாளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

இந்த வருடம் என் முறை. கணக்கு எழுதும்போது கோடு இரண்டாகத் தெரிகிறது. கிளினிக்கில் தேதி கொடுக்கப் போனபோது, "முதலில் கண்ணீரைப் பாருங்கள்" என்றேன். டொக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், அம்மா கதையைச் சொன்னதும் தாளை எடுத்தார். 8 மில்லிமீட்டர். சாயம் விட்டுப் பார்த்ததில் கண்ணீர்ப் பாய் 4 விநாடியில் கிழிந்தது. ஒப்பரேசனை ஆறு கிழமை தள்ளிவைத்து, இமைக்குச் சூட்டு ஒத்தடமும் கெடாமல் வைக்கும் பொருள் சேராத கண்ணீர் மருந்தும் எழுதினார். அம்மா சூட்டு ஒத்தடத்துக்குத் துணி நனைத்துக் கொடுக்கிறார். எண்பத்தொரு வயதில் அவருக்கு இது பழகிய வேலை. தினமும் தனக்கும் செய்துகொள்கிறார்.

அம்மாவையோ அம்மாயியையோ புரை ஒப்பரேசனுக்குக் கூட்டிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுப்புப் புகையில் எத்தனை வருடம் நின்றார்கள் என்பதையும், கண் உறுத்துகிறதா, வடிகிறதா என்பதையும், தினமும் விழுங்கும் மாத்திரைகளையும் வரிசையில் நிற்கும்போதே நினைவுபடுத்திக்கொண்டு டொக்டரிடம் சொல்லுங்கள். எழுதிய மருந்தை எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுப் போத்தலில் எழுதி வையுங்கள். தேதி வாங்குவதற்கு முதல், கண்ணீரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சிங்களத்தில் கேட்க வேண்டியிருந்தால், "கந்துளு பலுவாத?" என்றால் போதும்.